தொப்பியைக் கழற்றாத நண்பர்கள்

பேரங்காடியில் ஓட்ஸ் வாங்கப் போனால், அகன்ற தொப்பி அணிந்த வெள்ளை முடிக்காரர் ஒருவர் டின்னிலிருந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பார். எங்கள் வீட்டிலும் அந்த டின் உண்டு. அதன்மேல் எழுதியிருக்கும் ‘குவேக்கர்’ என்ற சொல் ஒரு சமயக் குழுவின் பெயர் என்பது இந்தப் பருவத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்தக் குழுவுக்கும் ஓட்ஸ் நிறுவனத்துக்கும் தொடர்பு கிடையாது. 1877ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்த ஆலை ஒன்று, நேர்மைக்குப் பெயர்போனவர்களின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்துகொண்டது. அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் அடிமை ஒழிப்பு இயக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதில் ஒரு குவேக்கர் நின்றார். சிறைச் சீர்திருத்தம், போர் நிவாரணம், மனசாட்சியின் பேரில் ராணுவ சேவையை மறுத்தவர்கள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பெயர். உலகம் முழுவதும் இன்று சுமார் நான்கு லட்சம் பேர் மட்டுமே உள்ள ஒரு குழு இத்தனை இடங்களில் எப்படி வந்தது என்ற கேள்வி, கட்டுரையைச் சமர்ப்பித்த பிறகும் என்னை விடவில்லை.

நீதிபதியை ‘நீ’ என்றவர்கள்

கதை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் நடந்து, அரசன் முதலாம் சார்ல்சின் தலையே துண்டிக்கப்பட்ட காலம். லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த நெசவாளர் மகன் ஜார்ஜ் ஃபாக்ஸ், காலணி செய்பவரிடம் தொழில் பழகியவர். 19 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். பாதிரியார்கள் பலரிடம் கேள்வி கேட்டார். எவருடைய பதிலும் அவருக்கு நிறைவு தரவில்லை. கடவுளை அறிய இடைத்தரகர் தேவையில்லை, ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓர் ஒளி இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அவரைப் பின்பற்றியோர் தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். இன்றும் அவர்களது அதிகாரபூர்வப் பெயர் நண்பர்கள் சமயச் சங்கம்தான். ‘குவேக்கர்’ என்றால் நடுங்குபவர். 1650ல் டார்பி நகரில் ஃபாக்ஸைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதியிடம், கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்கு என்று ஃபாக்ஸ் சொல்ல, அவர் கேலியாகத் திருப்பிக் கொடுத்த பட்டம் அது. கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

எல்லார் உள்ளத்திலும் ஒரே ஒளி என்றால், ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்று எப்படி நடத்துவது? இந்த இடத்தில்தான் அவர்கள் வம்பில் மாட்டினார்கள். அந்தக் காலத்தில் பெரிய மனிதர் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும். குவேக்கர்கள் கழற்ற மறுத்தார்கள்.

அடுத்தது பேச்சு. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அன்றைய ஆங்கிலத்தில் நம்முடைய ‘நீ’, ‘நீங்கள்’ போலவே இரண்டு சொற்கள் இருந்தன. ‘தௌ’ என்றால் நீ. ‘யூ’ என்றால் நீங்கள். வேலைக்காரரையும் பிள்ளைகளையும் ‘நீ’ என்பார்கள், எசமானை ‘நீங்கள்’ என்பார்கள். குவேக்கர்கள் எல்லாரையும் ‘நீ’ என்றார்கள். நீதிபதியை, பிரபுவை, அரசனைக்கூட! பைபிளில் கடவுளே ‘நீ’ என்றுதான் விளிக்கப்படுகிறார், கடவுளுக்கு இல்லாத பன்மை மனிதனுக்கு எதற்கு என்பது அவர்களது வாதம். (நம் தேவாரத்திலும் இறைவன் ‘நீ’தான் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.)

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. “பெரியவங்கள நீன்னு கூப்பிட்டா மரியாதை எங்கேருந்து வரும்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று அந்த ஊரில் ‘நீங்கள்’ என்பது மூத்தவருக்குத் தரும் மதிப்பாக மட்டும் இருக்கவில்லை. பணத்துக்கும் நிலத்துக்கும் போடும் கும்பிடாகவும் இருந்தது. அறுபது வயது வேலைக்காரரை இருபது வயது முதலாளி ‘நீ’ என்று அழைப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் ஆங்கிலத்தில் ‘நீ’ செத்துப்போய் ‘நீங்கள்’ மட்டும் மிஞ்சியது. இன்று அம்மொழியில் பூனைக்குட்டியும் பிரதமரும் ஒரே ‘யூ’தான். குவேக்கர்கள் கீழிருந்து சமப்படுத்தப் பார்த்தார்கள். மொழி மேலிருந்து சமப்படுத்திவிட்டது.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவும் அவர்கள் மறுத்தார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரத்தில் பொய் பேசுவேன் என்றாகிவிடாதா என்று கேட்டார்கள். கடைகளில் பேரம் பேசாமல் ஒரே விலை வைத்து விற்றார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலைதான் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் அவர்களிடமே குவிந்தார்கள்.

இத்தனைக்கும் கிடைத்த பரிசு சிறை. 1662ல் குவேக்கர்களை ஒடுக்கவென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். ஜேம்ஸ் பார்னெல் என்ற இளையர் 1656ல் கோல்செஸ்டர் கோட்டைச் சிறையில் இறந்தபோது அவருக்கு 20 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பிரிஸ்டல் நகரில் 1682ல் பெரியவர்கள் எல்லாரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளே கூடி வழிபாட்டைத் தொடர்ந்து நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளையும் அதிகாரிகள் அடித்தார்கள்.

பட்டினி கிடந்த பன்னிருவர்

என்னை மிகவும் கவர்ந்த சம்பவம் 1670ல் லண்டனில் நடந்த வழக்கு. வில்லியம் பென்னுக்கு அப்போது 25 வயது. கடற்படைத் தளபதியின் மகன், வசதியான வீட்டுப் பிள்ளை. வழிபாட்டு இல்லத்தைப் படைவீரர்கள் பூட்டிவிட்டதால் கிரேஸ்சர்ச் தெருவிலேயே நின்று பேசினார். அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் கைதுசெய்து, கலகக் கூட்டம் கூட்டியதாகக் குற்றம் சாட்டினார்கள்.

நீதிமன்றத்துக்குள் நுழையும்போது அவர்கள் தலையில் தொப்பி இல்லை. முன்பே யாரோ எடுத்துவிட்டார்கள். தலைமை வகித்தவர் அதிகாரியிடம் சொல்லித் தொப்பிகளை மீண்டும் அவர்கள் தலையில் வைக்கச் செய்தார். வைத்தவுடன், தொப்பியைக் கழற்றாத குற்றத்துக்காக அபராதம் விதித்தார்! இப்படித் தொடங்கிய வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

எட்வர்ட் புஷல் என்பவர் உட்பட 12 ஜூரிகள் இருந்தார்கள். பென் தெருவில் பேசினார், அவ்வளவுதான். கலகம் எதுவும் செய்யவில்லை என்றார்கள். நீதிபதிகளுக்குக் கோபம். சரியான தீர்ப்பு வரும்வரை வெளியே விடமாட்டோம் என்று ஜூரிகளைப் பூட்டிவைத்தார்கள். இரண்டு இரவுகள் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளிருக்கு நெருப்பும் இல்லை. ஆனாலும் கடைசியில் அவர்கள் சொன்னது ‘குற்றவாளி அல்ல’ என்பதுதான். உடனே அந்த 12 பேருக்கும் அபராதம். கட்ட மறுத்த புஷலும் மற்ற மூவரும் சிறையிலிருந்தபடியே வழக்காடினார்கள். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக்கூடாது என்று தலைமை நீதிபதி வான் விதித்த கோட்பாடு அதிலிருந்து பிறந்தது. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அந்த ஜூரிகளின் நினைவுக்கல் இன்றும் இருக்கிறது.

சிங்கப்பூர் 1969ல் ஜூரி முறையைக் கைவிட்டது. மலேசியா 1995ல் கைவிட்டது. ஆகவே நம் தலைமுறைக்கு ஜூரி என்றால் திரைப்படத்தில் பார்ப்பதுதான். ஆனால் தீர்ப்புச் சொல்பவரை மிரட்டக்கூடாது என்ற கருத்து நமக்கும் சொந்தமானதே. அந்த 12 பேரில் பெரும்பாலோர் சாதாரண வணிகர்கள் என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கிறது.

வாக்கெடுப்பு இல்லாத கூட்டம்

குவேக்கர் வழிபாட்டில், குறிப்பாக பிரிட்டனில், பாதிரியாரும் இல்லை, மேடையும் இல்லை. எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து தூண்டுதல் வந்தால் ஒருவர் எழுந்து பேசுவார். அது ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம். 1650களிலேயே பெண்கள் பேசினார்கள். ஒரு மணி நேரமும் யாரும் பேசாமல் முடிவதும் உண்டு. (கென்யாவில்தான் இன்று மிக அதிகமான குவேக்கர்கள் இருக்கிறார்கள். அங்கே போதகரும் பாட்டும் உண்டு. ஒரே மாதிரி என்று நினைத்துவிடக்கூடாது.)

சங்கத்தின் காரியங்களையும் இதேபோலத்தான் முடிவுசெய்கிறார்கள். கை தூக்கி எண்ணும் வழக்கமே இல்லை. எழுத்தர் என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். எல்லாரும் பேசுவதைக் கேட்டு, கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று உணர்ந்து, ஒரு குறிப்பு எழுதி வாசிப்பார். எல்லாரும் ஒப்பினால் அதுதான் முடிவு. ஒப்பாதவர் ‘எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் தடுக்கமாட்டேன்’ என்று ஒதுங்கி நிற்கலாம். அதுவும் முடியாவிட்டால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் செயற்குழுவில் ஒன்பது பேர். சென்ற ஆண்டு, ஆண்டு விழாவில் பட்டிமன்றமா நாடகமா என்று வாக்கெடுத்தோம். ஐந்துக்கு நான்கு என்று பட்டிமன்றம் வென்றது. தோற்ற நால்வரில் மூவர் விழா வேலைக்கே வரவில்லை. இந்த ஆண்டு நான் குவேக்கர் முறையைச் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். பிறகு, சரி, பார்க்கலாம் என்றார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அரை நிமிடம் அமைதி என்று விதி வைத்தோம். தமிழர்கள் கூடிய இடத்தில் அரை நிமிட அமைதி எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது! ஒரு கூட்டத்தில் முடிய வேண்டியது மூன்று கூட்டம் எடுத்தது. இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கடைசியில் நாடகம் என்று முடிவானது. பட்டிமன்றத்துக்காகக் கடுமையாக வாதாடிய நண்பர், தடுக்கமாட்டேன் என்று ஒதுங்கி நின்றார். இப்போது அவர்தான் விளக்கமைப்பைக் கவனிக்கிறார். எல்லாவற்றுக்கும் இந்த முறை ஒத்துவராது. சாப்பாட்டுக்கு என்ன வாங்குவது என்பதற்கு நாங்கள் மறுபடியும் கைதான் தூக்குகிறோம்.

தங்கள் வீட்டைத் திருத்த எடுத்த காலம்

இந்த நிதானத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. குவேக்கர்களைப் புகழும் கட்டுரைகள் பெரும்பாலும் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அமெரிக்காவுக்குப் போய் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், அதாவது தொப்பி வழக்கின் நாயகர், அடிமைகளை வைத்திருந்தவர். அவர் மட்டுமல்ல, வசதியான குவேக்கர்கள் பலரும் வைத்திருந்தார்கள். எல்லார் உள்ளத்திலும் ஒளி என்று சொல்லிக்கொண்டே!

1688ல் ஃபிலடெல்பியாவுக்கு அருகில் உள்ள ஜெர்மன்டவுனில் நான்கு பேர் சேர்ந்து ஓர் எதிர்ப்பு மனு எழுதினார்கள். உங்களை யாராவது பிடித்து விற்றால் ஒப்புவீர்களா என்பதுதான் அதன் சாரம். உள்ளூர்க் கூட்டம், விஷயம் பெரிது என்று மேல் கூட்டத்துக்கு அனுப்பியது. அதுவும் மேலே தள்ளியது. ஆண்டுக்கூட்டம் மனுவை ஓரமாக வைத்துவிட்டது. அந்தத் தாள் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டது 1844ல். ‘எல்லாரும் ஒப்பும்வரை காத்திருப்போம்’ என்ற முறை, ஒப்பாதவர் கையில் எவ்வளவு வசதியான ஆயுதமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ஒருவர் இருந்தார். பெஞ்சமின் லே. கூன் முதுகு, நான்கடி உயரம்தான் இருக்கும். கப்பலில் வேலை பார்த்தவர்; பார்படோஸ் தீவில் அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் கண்டவர். 1738ல் குவேக்கர்களின் ஆண்டுக்கூட்டத்துக்குள் நீண்ட அங்கி போர்த்திக்கொண்டு போனார். அங்கிக்குள் ராணுவ உடையும் வாளும். கையில் உள்ளே குடைந்த ஒரு புத்தகம். அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. அடிமைகளை வைத்திருப்பவர்களின் இரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று முழங்கி, அங்கியை எறிந்து, புத்தகத்தில் வாளைச் செருகினார். அருகிலிருந்தோர் மேலெல்லாம் சிவப்பு தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள், சங்கத்திலிருந்தும் விலக்கினார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த எதையும் தொடமாட்டேன் என்று அவர் ஒரு குகையில் குடியிருந்து, தாமே நூல் நூற்று, காய்கறி பயிரிட்டு வாழ்ந்தார்.

ஜான் உல்மன் என்ற தையற்காரர் இதற்கு நேர்மாறு. இளமையில் முதலாளி சொன்னார் என்று ஒரு கறுப்பினப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தார்; அது அவர் மனத்தை அரித்தது. பிறகு ஊர் ஊராகப் போய், அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளிலேயே தங்கி, மெதுவாகப் பேசினார். தங்கிய வீட்டில் தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டுக்காரருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

லே கத்தினார், உல்மன் கெஞ்சினார். எது பலித்தது என்று எங்கள் துணைப்பாட வகுப்பில் பெரிய வாக்குவாதம். எனக்கு இருவரும் வேண்டும் என்றே தோன்றுகிறது. 1758ல் ஃபிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் அடிமைகளை வாங்கி விற்போர்மீது நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு லே இறந்தார். 1776ல் அடிமை வைத்திருப்பதையே தடைசெய்தது. முதல் மனுவிலிருந்து 88 ஆண்டுகள்! லேயை விலக்கிய அபிங்டன் கூட்டம், 2018ல் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

தங்கள் வீட்டைத் திருத்திய பிறகு வேகம் கூடியது. 1787ல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவில் 12 பேர். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள். 1807ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. 1833ல் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது.

அதன் பிறகு நடந்தது நம் கதை. அடிமைகள் போய்விட்டதால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரீஷியசுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் ஸ்டர்ஜ் என்ற குவேக்கர் 1839ல் முன்னின்று தொடங்கிய அடிமை எதிர்ப்புச் சங்கம், இதுவும் பெயர் மாற்றிய அடிமைத்தனம்தான் என்று குரல் கொடுத்தது. எதிர்ப்பின் விளைவாக அந்த ஆண்டே ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஆனால் 1842ல் மொரீஷியசுக்கு மறுபடியும் வழி திறந்தார்கள். தோட்ட முதலாளிகள் வென்றார்கள். அதே ஒப்பந்த முறையில்தான் பின்னர் தமிழர்கள் மலாயாவுக்கும் வந்தார்கள். இங்கே அது 1910ல்தான் முடிவுக்கு வந்தது. என் கொள்ளுப்பாட்டி ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு முன் வந்தவர்களுக்காக, 1839ல் எங்கோ பர்மிங்ஹாமில் ஒரு தானிய வியாபாரி எழுந்து பேசினார் என்பது எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத செய்தி.

சாக்லெட்டுக்குள் ஒரு வழக்கு

குவேக்கர்கள் சத்தியம் செய்யாதவர்கள், அரசுத் திருச்சபையில் சேராதவர்கள். அதனால் ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தராது. பல அரசுப் பதவிகளும் கிடைக்காது. மிஞ்சியது வணிகம். பார்க்லேஸ், லாய்ட்ஸ் வங்கிகள் அவர்கள் தொடங்கியவை. மதுவுக்கு மாற்றாகக் கொக்கோ பானத்தை விற்றார்கள். கேட்பரி, ரவுன்ட்ரீ, ஃபிரை என்று மூன்று பெரிய சாக்லெட் குடும்பங்களும் குவேக்கர்கள்தான். நாம் தின்னும் கிட்கேட், ரவுன்ட்ரீ நிறுவனம் 1935ல் அறிமுகம் செய்தது. கேட்பரி, தொழிலாளர்களுக்குத் தோட்டத்தோடு கூடிய வீடுகள் கொண்ட போர்ன்வில் என்ற ஊரையே அமைத்தது.

அதே கேட்பரிக்கு 1901ல் ஒரு செய்தி எட்டியது. தாங்கள் கொக்கோ வாங்கும் போர்ச்சுகீசியத் தீவான சாவோ டோமேயில், அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அடிமைகளாகவே வேலை செய்கிறார்கள் என்பதுதான் அது. நிறுவனம் விசாரித்தது, தூது அனுப்பியது, 1905ல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் பார்த்துவர அனுப்பியது. வாங்குவதை நிறுத்தியது 1909ல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் கொக்கோ வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாளிதழ் இதைக் கிண்டலாக எழுத, கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. வழக்கில் வென்றது. ஜூரிகள் கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. நீங்கள் சொல்வது சரி, ஆனால் எங்களுக்குத் திருப்தி இல்லை என்று இதைவிட நறுக்காகச் சொல்ல முடியுமா?

தம்பியின் கேள்வி

இனி, எனக்கு விடை தெரியாத பகுதி.

1660ல் அரசன் இரண்டாம் சார்ல்சிடம் குவேக்கர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும், எந்த அரசுக்காகவும் நாங்கள் ஆயுதம் ஏந்தமாட்டோம் என்றது அது. இன்றுவரை அவர்களின் அடையாளமாக இருப்பது அதுதான்.

என் தம்பி இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை முகாமிலிருந்து வந்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன். சப்பாத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டே கேட்டான். “கேக்க நல்லாத்தான் இருக்கு அக்கா. எல்லாரும் அப்படிச் சொல்லிட்டா, யாரு காவலுக்கு நிக்கிறது?” இவ்வளவு சிறிய தீவில் வாழ்ந்துகொண்டு அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் நிற்பதால் நான் நூலகத்தில் உட்கார்ந்து குவேக்கர்களைப் பற்றிப் படிக்கிறேன் என்பதும் உண்மைதான்.

குவேக்கர்களுக்கும் அது எளிதான கேள்வியாக இருக்கவில்லை. முதல் உலகப் போரில், வயதுக்கு வந்த பிரிட்டிஷ் குவேக்கர் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படையில் சேர்ந்தார். வேறு சிலர் 1914ல் நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவை அமைத்து, ஆயுதமின்றிப் போர்முனைக்குப் போய்க் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். 1916ல் கட்டாய ராணுவச் சேவை வந்ததும், ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் போருக்கு உதவிதானே என்று சொல்லி அதையும் மறுத்துச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. கோர்டர் கேட்ச்பூல் முதலில் அந்தப் பிரிவில் உழைத்தார், பிறகு விலகிச் சிறை சென்றார். மனசாட்சியின் பேரில் மறுத்தவர்களில் 35 பேரை ராணுவம் பிரான்சுக்குக் கொண்டுபோய், கட்டளைக்குப் பணியவில்லை என்று மரண தண்டனை விதித்தது. அவர்களில் குவேக்கர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். தண்டனையை வாசித்து, சற்று இடைவெளி விட்டு, பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கோழைகள் என்று அன்று பட்டம் கட்டினார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொண்டான்.

போர் முடிந்ததும் அவர்கள் செய்ததைச் சொன்னபோது அவன் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். தோற்ற ஜெர்மனியில் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். நேற்றுவரை எதிரி நாடு. அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு அங்கே சமையற்கூடங்களை நடத்தியது. உச்சகட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஜெர்மானியர்கள் அதற்கு ‘குவேக்கர் சாப்பாடு’ என்றே பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் யூதப் பிள்ளைகளை நாஜி ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்ததிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1947ல் அமைதிக்கான நோபெல் பரிசு பிரிட்டன், அமெரிக்கக் குவேக்கர்களின் இரண்டு சேவை அமைப்புகளுக்குக் கிடைத்தது. அமெரிக்கர்கள் சார்பில் ஆஸ்லோவுக்குப் போன ஹென்றி கேட்பரியிடம் விழாவுக்கு ஏற்ற நீண்ட கோட்டு இல்லை. போரில் எல்லாம் இழந்தவர்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த பழைய துணிக் கிடங்கில் ஒன்றைக் கண்டுபிடித்து அணிந்துகொண்டார். அது புடாபெஸ்ட் இசைக்குழுக் கலைஞர்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த கோட்டு.

சென்னைக்கு வந்த ஆசிரியை, சீனாவுக்குப் போன கட்டடக் கலைஞர்

1963ல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் உரிமைப் பேரணியை அமைத்த பேயர்ட் ரஸ்டின் குவேக்கர். மார்ட்டின் லூதர் கிங் 1959ல் இந்தியாவுக்கு வர உதவியதும் அவர்களின் சேவைக் குழுதான். ஆனால் தமிழ் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றே இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

மார்ஜரி சைக்ஸ் 1905ல் யார்க்ஷயரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1928ல் சென்னை வேப்பேரியில் உள்ள பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றுக்கொண்டார், பின்னர் அந்தப் பள்ளிக்குத் தலைமையேற்றார். சென்னையில் இருந்தபோதுதான் குவேக்கரானார். அடுத்து தாகூரின் சாந்திநிகேதன், பிறகு காந்தியின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி. அதன் பிறகு நீலகிரியில் கோத்தகிரி. 1960களில் நாகாலாந்தில் சண்டைநிறுத்தம் ஏற்பட்டபோது, அதைக் கண்காணிக்க மலைப்பாதைகளில் நடந்துபோனவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும்.

இன்னொருவர் லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் கட்டடக் கலை படித்த குவேக்கர். இரண்டாம் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவோடு சீனாவுக்குப் போனார். ஊர் திரும்பக் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். துணிக் கழிவில் செய்த அவருடைய காலணிகள் காந்தியின் கண்ணில் பட்டனவாம். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பின்னாளில் பேக்கர் அடிக்கடி நினைவுகூர்ந்தார். 1945ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார், மருத்துவரான எலிசபெத்தை மணந்தார், கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார். ஏழைகள் கட்டக்கூடிய விலையில் பூச்சில்லாத செங்கல் வீடுகள், காற்று புகும் ஓட்டைச் சுவர்கள் என்று கேரளம் முழுவதும் அவர் கைவண்ணம்தான்.

அதில் ஒன்றை நீங்கள் ஒருவேளை பார்த்திருப்பீர்கள். திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு அருகில், சுருண்டு மேலேறும் சிவப்புக் கோபுரம்போல் நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸ். உள்ளே மாடிப்படியே இல்லை. தரையே சரிந்து சரிந்து மேலே போகும். அந்தச் சரிவிலேயே மேசைகள். சென்ற டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போனபோது அங்கே காப்பி குடித்தோம். கட்டியவர் யார் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. மேசை சாய்ந்திருக்குமோ என்று தம்பி டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். சாயவில்லை.